எண்ணூர் கழிமுகத்தில் பனிக்காலப் பறவை நடை: வருமுன் கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை, ஞாயிற்றுக்கிழமைகளில், எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் இடத்தில் பறவை பார்க்க நடக்கிறோம். வழிகாட்ட ஒன்றிரண்டு பேர் கூடவே வருவோம். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் எங்கள் பதில்களும் கீழே.

மலையேற்றம் மாதிரி கஷ்டமாக இருக்குமா?

இல்லை. ஏற்றமே கிடையாது. நெட்டுக்குப்பம் பக்கத்தில் தொடங்கி ஆற்றோரமாக மெதுவாக நடப்போம். மூன்று மணி நேரம் ஆகும், தூரம் மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள்தான். நடப்பதைவிட நிற்பது அதிகம். கால் வலி உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இந்த நிற்பதைத்தான். மடக்கு நாற்காலி கொண்டு வரலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

சென்னையில் ஏது குளிர்காலம்? எந்த மாதம் வந்தால் நல்லது?

குளிர் இங்கே இல்லை, வடக்கே இருக்கிறது. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் ஏரிகள் உறைந்து, சேறு கல்லாகி, இரை கிடைக்காமல் போகும் முன்பே அங்கே குஞ்சு பொரித்த பறவைகள் தெற்கே கிளம்புகின்றன. ஆகஸ்ட் கடைசியிலேயே முதல் உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) எண்ணூருக்கு வந்துவிடும். ஆனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் வடகிழக்குப் பருவமழை. பூண்டி ஏரி நிரம்பி உபரி நீரைத் திறந்தால் அது கொசஸ்தலையில் இறங்கி எண்ணூருக்குத்தான் வந்து சேரும். அப்போது சேற்றுப் பரப்பு முழுக்க முங்கிவிடும். குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்க இடம் இருக்காது, சதுப்பை விட்டு வேறெங்காவது ஒதுங்கிவிடும்.

அதனால் மழை விட்டு நீர் வடிந்த பிறகு, மார்கழி பாதியிலிருந்து மாசி வரை வாருங்கள். ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி. மார்ச்சில் கூட்டம் குறையும், ஆனால் வேறு ஒரு லாபம் உண்டு. திரும்பிப் போகும் முன் சில பறவைகள் நிறம் மாறத் தொடங்கும். பனிக்காலம் முழுக்கச் சாம்பலாக இருந்த வளைமூக்கு உள்ளானின் வயிறு செங்கல் சிவப்பாகிக்கொண்டு வரும்.

நடை தொடங்கும் நேரம் ஏன் வாரா வாரம் மாறுகிறது? ஒரு வாரம் 6 மணி, அடுத்த வாரம் 8 மணி என்கிறீர்களே?

கடல் அப்படித்தான் மாறுகிறது. கழிமுகத்துக்குள் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். இந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகபட்சம் ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் சரிவே இல்லாத தட்டையான சேற்றில் அந்த ஒரு மீட்டர் இறங்கினாலே பெரிய பரப்பு வெளியே வந்துவிடும். பறவைகளுக்கு அதுதான் சாப்பாட்டு நேரம்.

நீர் முழுதாக வற்றிய பிறகு வந்தால் பறவைகள் பரந்துவிடும், தொலைவில் புள்ளிகளாகத்தான் தெரியும். நீர் வற்றத் தொடங்கும்போது வந்தால் முதலில் வெளியே தெரியும் சின்னத் திட்டில் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கும். அந்த முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் நாங்கள் கணக்குப் போடுகிறோம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் நீர் அதிகமாக ஏறி, அதிகமாக வற்றும். குப்பத்து மீனவர்கள் நிலாவைப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவார்கள். எங்கள் கணக்கை அவர்களிடம்தான் சரிபார்த்துக்கொள்கிறோம். முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் எந்த அட்டவணையும் பலிக்காது, அதுவும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

எனக்கு இந்தப் பகுதியில் பிடித்ததே இதுதான். பறவையைத் தேடுவதைவிட, இன்று சேறு எங்கே வெளியே வரும் என்று பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும். அங்கே பறவை இருக்கும்.

என்னென்ன பறவைகளைப் பார்க்கலாம்?

ஆண்டு முழுக்க இங்கே இருப்பவை முதலில். சின்னக் கொக்கு, சாம்பல் நாரை, மடையான், நீர்க்காகம், வெண்மார்பு மீன்கொத்தி, நின்ற இடத்திலேயே சிறகடித்துவிட்டு நீரில் குத்திட்டு விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் இரை தேடி வரும். செம்பருந்து தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும்.

பனிக்கால விருந்தாளிகளில் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும்தான் பெரும்பான்மை. பவளக்காலி, பச்சைக்காலி, பொரி உள்ளான், கொசு உள்ளான், கருவால் மூக்கன், வளைந்த நீள மூக்குள்ள பெரிய கோட்டான் (ஆந்தை இல்லை, இது கரைப்பறவை). நீருக்கு மேலே மீசை ஆலாக்கள் தாழப் பறக்கும். சிவந்த தடித்த மூக்கோடு காஸ்பியன் ஆலா தனியாகத் தெரியும். பழுப்புத்தலைக் கடற்காகங்கள் திபெத், லடாக் ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை. வானில் திடீரென்று எல்லாப் பறவையும் ஒன்றாகக் கிளம்பினால் மேலே பாருங்கள், சேற்றுப் பூனைப்பருந்தோ, மீன் பிடிக்கும் பருந்தான விராலடிப்பானோ வந்திருக்கும். விராலடிப்பான் வேண்டுமானால் ஆற்றுக்குள் நட்டிருக்கும் கம்பங்களையும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

மின்கம்பிகளை விட்டுவிடாதீர்கள். நீலவால் பஞ்சுருட்டானும் தகைவிலானும் அங்கேதான் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிகிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நிறத்தை விடுங்கள். பனிக்காலத்தில் பெரும்பாலான கரைப்பறவைகள் மங்கிய நிறத்தில்தான் இருக்கும். சாப்பிடும் விதத்தைப் பாருங்கள்.

உப்புக்கொத்திக்குக் கண் பெரியது, மூக்கு குட்டை. அது ஸ்டாச்சூ விளையாடும் பிள்ளையைப் போல நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓடும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதால்தான் அந்த நிறுத்தம். உள்ளான்கள் அப்படி நிற்பதில்லை. நடந்துகொண்டே மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டே போகும். அவற்றுக்குத் தொட்டுணர்வுதான் முக்கியம். கொசு உள்ளான் நம் சிட்டுக்குருவி அளவுதான், மூக்கும் சின்னது, மேற்பரப்பில் இருப்பதைத்தான் எடுக்கும். பவளக்காலி அதைவிடக் கொஞ்சம் ஆழத்துக்குப் போகும். கருவால் மூக்கன் முகம் வரை நீருக்குள் விட்டு அடிச்சேற்றைத் துழாவும். அதன் மூக்கில் ஒரு விசேஷம் உண்டு. முழு அலகையும் திறக்காமல் நுனியை மட்டும் திறக்க முடியும். சேற்றுக்குள் புதைந்த அலகு முழுவதையும் பிளக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள், அந்த வேலையே அதற்கு இல்லை. பெரிய கோட்டான் இன்னும் ஆழத்தில், நண்டு வளைக்குள்ளேயே மூக்கை விடும்.

ஆக, ஒரே திட்டில் ஐந்து வகைப் பறவை அருகருகே மேய்கிறது, ஆனால் ஒன்றின் தட்டில் இன்னொன்று கை வைப்பதில்லை. இதை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டால் சாம்பல் நிறக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். மீதி பாதிக்குக் கால் நிறம் உதவும். சிவப்பா, பச்சையா, மஞ்சளா, கருப்பா என்று பாருங்கள்.

முதல் நாளில் ஐந்து பறவையை நன்றாகக் கற்றுக்கொண்டால் போதும். நாற்பது பெயர் எழுதிய தாளோடு வீட்டுக்குப் போய் ஒன்றும் நினைவில் இல்லை என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பூநாரை பார்க்கலாமா?

எண்ணூரில் சில நாள் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது. பூநாரைக்காகவே வருவதென்றால் பழவேற்காடு போங்கள். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பொன்னேரியில் இறங்கிப் பேருந்தில் போகலாம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவே போகிறது. நீர் அளவாக இருக்கும் ஆண்டுகளில் அந்தச் சாலையின் இரு பக்கமும் பூநாரைகள் நிற்கும். தலையைக் கவிழ்த்து நீரை அலகால் வடிகட்டும். உண்ணும் பாசியிலும் சின்ன இறால் வகைகளிலும் உள்ள நிறமிதான் அதன் உடம்பில் இளஞ்சிவப்பாக ஏறுகிறது. இளம் பறவைகள் அழுக்குச் சாம்பலாக இருக்கும், வேறு பறவை என்று நினைத்துவிட வேண்டாம்.

வெளிநாட்டுப் பறவைகள் முட்டையிடத்தானே இங்கே வருகின்றன?

இது பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணம். வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான், உப்புக்கொத்தி, ஊசிவால் வாத்து எதுவும் இங்கே கூடு கட்டுவதில்லை. அவை கோடையில் வடக்கே முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்துவிட்டு, பனிக்காலத்தில் சாப்பிடவும் ஓய்வெடுக்கவும் இங்கே வருகின்றன. இதே மாதங்களில் வேடந்தாங்கலிலும் ஆந்திரத்தின் நேலப்பட்டிலும் கூடு கட்டும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நம்முடையவை. மழைக்குப் பிறகு ஏரியில் மீன் பெருகுவதால் அப்போது குஞ்சு பொரிக்கின்றன. இரண்டும் ஒரே பருவத்தில் நடப்பதால் குழம்பிவிடுகிறது.

இவ்வளவு புகைக்கும் சாம்பலுக்கும் நடுவில் பறவை வருகிறது என்றால் இடம் அவ்வளவு மோசமில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

வலசைப் பறவை ஒவ்வோர் ஆண்டும் பழகிய இடத்துக்கே திரும்பி வரும் பழக்கம் உள்ளது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து களைத்து வரும் பறவை, வந்த பிறகு வேறு சதுப்பைத் தேடி அலைய முடியாது. அப்படித் தேடினாலும் வட சென்னைக் கடலோரத்தில் மிச்சம் இருக்கும் சேறு கொஞ்சம்தான். துறைமுகங்கள், அனல் மின் நிலையங்கள், எண்ணெய்க் கிடங்குகள் எல்லாம் இந்த ஆற்றங்கரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும்தான் வந்தன. ஆற்றுப்படுகையில் நிலக்கரிச் சாம்பல் படிந்த இடங்களை நடையின்போதே காட்டுவோம். மேலே சாம்பல் படிந்து இறுகிய இடத்தில் புழுவும் நண்டு வளையும் குறைவு. அங்கே பறவையும் இறங்காது. பத்தடி தள்ளிக் கருஞ்சேறு இருக்கும் இடத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். அந்த எல்லைக்கோட்டை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் ஒட்டியது. கூழைக்கடாக்களின் வெள்ளை வயிறு கருப்பாக இருந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எண்ணெய் பட்ட இறகு நீரைத் தடுக்காது, உடம்பு நனையும். பறவை அதை அலகால் கோதிக் கோதியே வயிற்றுக்குள் அனுப்பிவிடும்.

ஆகவே பறவை வருவது இடத்துக்குக் கொடுத்த நற்சான்றிதழ் இல்லை. இங்கே இன்னும் காப்பாற்ற வேண்டிய சேறு மிச்சம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. எண்ணூரை வெறும் தொழிற்பேட்டை என்று நினைத்திருந்தவர்கள் இந்த ஆற்றை நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் இந்த நடையை நடத்துகிறோம்.

எப்படி வருவது?

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்சார ரயில். எண்ணூரில் இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைக்கும். மெட்ரோவில் விம்கோ நகர் வரை வந்தும் மாறலாம். நேரம் இருந்தால் திரும்பும்போது அத்திப்பட்டு புதுநகர் வரை ஒரு நிலையம் கூடுதலாகப் போய்ப் பாருங்கள். நடுவில் ரயில் ஆற்றைக் கடக்கும், ஜன்னலோரத்திலிருந்தே கொக்கும் நாரையும் தெரியும்.

பைனாகுலர் கட்டாயமா? எது வாங்கலாம்?

முதல் தடவை வாங்காமலே வாருங்கள். எங்களிடம் இருப்பதை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். தொலைவில் இருப்பவற்றுக்கு முக்காலியில் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் வைப்போம். பிறகு பிடித்துப்போனால் 8×42 வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். 10×42 இன்னும் பெரிதாகக் காட்டும், ஆனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். 20 மடங்கு, 30 மடங்கு என்று மலிவாக விற்பவற்றைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

என்ன உடுத்துவது, என்ன கொண்டு வருவது?

மங்கிய நிறத்தில் பருத்தி உடை, தொப்பி, தண்ணீர். பளிச்சென்ற வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். காலில் பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு நல்லது. ஷூ சேற்றில் மாட்டிக்கொள்ளும், வெறுங்காலைச் சிப்பி ஓடு கிழித்துவிடும். முடிந்ததும் டீக்கடையில் பொறையும் டீயும் உண்டு, காலை உணவை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கழிப்பறை வசதி?

கரையில் இல்லை. பெண்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். அதனால் நடை தொடங்கும் முன்னும் பாதியிலும் பயன்படுத்த ஊருக்குள் இடம் கேட்டு வைத்திருக்கிறோம். வந்ததும் எங்களில் யாரையாவது கேளுங்கள், தயங்க வேண்டாம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கும், நீண்ட நேரம் நிற்க முடியாத பெரியவர்களுக்கும் கொளத்தூர் பக்கம் ரெட்டேரிதான் நல்லது. சாலையோரத்திலிருந்தே நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, கூழைக்கடா எல்லாம் கிட்டத்தில் தெரியும். புழலும் அருமையான ஏரிதான், ஆனால் குடிநீர் ஏரி, அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

பெரிய கேமரா, ட்ரோன்?

கேமரா சரி. ட்ரோன் வேண்டவே வேண்டாம். பறவைகள் அதைப் பருந்தாக நினைத்துக் கலைந்துவிடும். தவிர, சுற்றிலும் துறைமுகமும் மின் நிலையமும் இருக்கின்றன. அவற்றின் பக்கம் லென்ஸைத் திருப்பினால் காவலர்கள் வந்து கேட்பார்கள், அவர்கள் கேட்பது நியாயம்தான். அடையாள அட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

எவ்வளவு கிட்டே போகலாம்?

மீட்டர் கணக்கு கிடையாது, பறவைதான் சொல்லும். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நீங்கள் நிற்க வேண்டும். நடக்கத் தொடங்கினால் பின்வாங்க வேண்டும். பறந்துவிட்டால் நாம் எல்லை மீறிவிட்டோம். சில உள்ளான்கள் வடக்கே கிளம்பும் முன் உடல் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்தக் கொழுப்புதான் வழிப்பயணத்துக்கு எரிபொருள். ஒரு படத்துக்காகப் பறவையை எழுப்பி விரட்டும் ஒவ்வொரு தடவையும் அதிலிருந்து கொஞ்சம் செலவாகிறது, வற்று நேரமும் போகிறது. போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் கூடாது.

மீன் பிடிப்பவர்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். அது அவர்களுடைய வேலையிடம். விரித்த வலையைத் தாண்டாதீர்கள், கட்டிய படகில் ஏறி உட்காராதீர்கள். இடுப்பளவு நீரில் இருளர்கள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் கூட்டமாகப் போய் நீரைக் கலக்காதீர்கள். "அண்ணே, இன்னைக்கு என்ன கிடைச்சுது?" என்று கேட்டுப் பேச்சை ஆரம்பித்தால் பறவையைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள். கூழைக்கடா கூட்டம் இறங்கினால் மீன் எங்கே என்று அவர்களுக்குத் தெரியும்.

பழவேற்காட்டில் படகில் போகலாமே?

எங்கள் நடையில் படகு இல்லை. 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து சுற்றுலா வந்த 22 பேர் இறந்தார்கள். யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். கரையிலிருந்தே போதுமான அளவு தெரியும்.

பார்த்ததைப் பதிவு செய்வது எப்படி?

இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில். இடம், நேரம், பார்த்த எல்லா இனங்களும், எண்ணிக்கை. அரிதானதை மட்டும் எழுதுவது பயன் தராது. காக்கையும் மைனாவும் சேர வேண்டும். தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். 15 நிமிடம் நின்று பார்த்தாலே ஒரு பட்டியல் ஆகிவிடும், திருவொற்றியூர் மொட்டைமாடியிலிருந்தும் செய்யலாம். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் உண்டு, அது 1987 முதல் நடக்கிறது. காலில் வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவையைப் பார்த்தால் எழுத்தும் எண்ணும் தெரியும்படி படம் எடுத்து எங்களிடம் கொடுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினால் எங்கே மாட்டப்பட்டது என்று தெரியவரும்.

அக்டோபரில் எங்கள் வீட்டு மாடியில் வண்ண வண்ணமாக ஒரு குருவி விழுந்து கிடந்தது. அது என்ன? என்ன செய்ய வேண்டும்?

பச்சை முதுகு, நீலத் திட்டு, சிவந்த அடிவயிறு, குட்டை வால் என்றால் ஆறுமணிக்குருவி. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வருவது. களைத்துப்போயோ, கண்ணாடியில் மோதியோ, விளக்கு வெளிச்சத்தில் தடுமாறியோ வீடுகளுக்குள் விழும். காற்று போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து மெதுவாக வையுங்கள். இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். அரிசி, ரொட்டி வேண்டாம், அது பூச்சி தின்னும் பறவை. ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் பூனை இல்லாத புதர் ஓரத்தில் பெட்டியைத் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ இரத்தம் இருந்தாலோ வனத்துறைக்கோ புளூ கிராஸுக்கோ சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வீட்டில் வைத்து வளர்க்க முடியாது.